கொட்டகை வாசலில் நிற்கும் வண்டி

அப்பா நம்மை விட்டுப் போய் ஓர் ஆண்டு நிறைந்த இந்த நாளில், வேலைகளை ஒதுக்கிவிட்டு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். மலர் போடலாம் என்று சொன்னது தம்பி. அட்டைப் படம் தேர்ந்தெடுத்ததும் அவன்தான். "நீதான்க்கா கூட இருந்த. அப்பாவைப் பத்தி நல்லவிதமா நீயே எழுதிடு" என்றான். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை படித்துப் பார்த்துவிடு என்றேன். "நீ டீச்சர். நீ எழுதினதுல நான் என்னத்தப் பாக்கிறது?" என்றான். ஆகவே அவனும் உங்களோடு சேர்ந்து இப்போதுதான் இதைப் படிக்கிறான்.

என் நினைவு மட்டும் போதாது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உங்களையும் கேட்டிருந்தேன். அப்பாவைப் பற்றி நினைவில் இருப்பதை அனுப்புங்கள் என்றேன். அனுப்பினீர்கள், குறை சொல்ல முடியாது. சின்னமாமா தன் முதல் காரைப் பற்றி எழுதினார். அதைப் படித்த சித்தப்பா மகன் தன் முதல் காரைப் பற்றி எழுதினான். பிறகு ஆளாளுக்குப் பழைய போட்டோ தேடி எடுத்துப் போட்டீர்கள். சீட் கவரின் வாசனை, டேப் ரிக்கார்டரில் முதலில் போட்ட கேசட், திருச்சி போய் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தது எல்லாம் வந்தது. மறுநாள் பேச்சு புது எஸ்.யூ.வி.களுக்குத் தாவியது. எதில் சன்ரூஃப் பெரிது, எதில் ஏழு பேர் உட்காரலாம், எது கரைமேட்டில் அடி தட்டாமல் போகும். "கார்னா உசரமா இருக்கணுங்க, ரோட்டுல ஒரு மரியாதை வேணாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். சித்திரை வெயிலில் தஞ்சாவூர் ரோட்டில் கூரையைத் திறந்து வைத்துக்கொண்டு எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அத்தனை செய்திகளிலும் அப்பா எங்கே என்று தேடினேன். சின்னமாமா ஒரு வரி எழுதியிருந்தார்: "அன்னைக்கு அத்தானும் கூட இருந்தாங்க." அவ்வளவுதான்.

கூட இருந்தார். உண்மைதான். மாமா, உங்கள் கறுப்புக் காரைக் குத்தாலத்தில் வாங்கிய அன்று அது அந்த ஊர் எல்லையைக்கூடத் தாண்டவில்லை. அப்பா தன் அம்பாசிடரின் பின்னால் கயிறு கட்டி, பூதலூர் வரை அதை இழுத்துக்கொண்டு வந்தார். நீங்கள் பின்வண்டியில் உட்கார்ந்து வழியெல்லாம் தெரிந்தவர்களுக்குக் கையாட்டிக்கொண்டு வந்தீர்கள். அந்தக் காரை வாங்கச் சொன்னதும் அப்பாதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இன்ஜினைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு "தங்கம்" என்றார். அப்பாவின் கணிப்பு பாதி நாள் தப்பாகத்தான் இருக்கும்.

சித்தப்பா மகனே, உன் சிவப்புக் காரைப் பற்றி அழகாக எழுதியிருந்தாய். ஓட்டப் பழகியது எந்தக் காரில் என்று எழுதவில்லை. மேட்டூர் திறந்து வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்த வாரம், அப்பாவின் அம்பாசிடரைக் கரையிலிருந்து அப்படியே தண்ணீருக்குள் இறக்கினாய். அப்பா வேட்டியோடு குதித்து உன்னை முதலில் வெளியே இழுத்தார். காரை டிராக்டர் வைத்து இழுத்தார்கள். சித்தப்பா தடியோடு வந்தபோது, "நான்தான் ஓட்டினேன். பிரேக்குல காலு வழுக்கிடுச்சு" என்றார் அப்பா. ஊர் ரொம்ப நாள் அவரைக் கேலி செய்தது. நீ இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

அப்பா பிறந்தது குத்தாலத்துப் பக்கம், குத்தகை நிலத்தை நம்பியிருந்த குடும்பத்தில். நிலத்துக்காரர் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டதும் படிப்பு நின்றது. அரிசி ஆலை லாரியில் கிளீனராக ஏறிப் பூதலூருக்கு வந்தவர், ஸ்டீயரிங் பிடித்து, அம்மாவைக் கைப்பிடித்து, இந்த ஊரிலேயே தங்கிவிட்டார். ஒரு டாக்டர் வீட்டில் விற்ற அம்பாசிடரை வாங்கி வாடகைக்கு ஓட்டினார். பிரசவத்துக்குப் போனவர்களும், பெண் பார்க்கப் போனவர்களும், ஆஸ்பத்திரியிலிருந்து உயிரில்லாமல் திரும்பியவர்களும் அதே பின்சீட்டில்தான் வந்தார்கள். அதில் சம்பாதித்துத்தான் நிலம் வாங்கினார், எங்களைப் படிக்க வைத்தார். இனிமையாகப் பேசுகிற மனிதர் இல்லை. சோற்றில் உப்பு குறைந்தால் தட்டு அம்மா பக்கம் நகரும். அம்மா பொறுமையாக உப்பு போட்டு இந்தப் பக்கம் நகர்த்துவார்.

தம்பிக்கும், சித்தப்பா மகனுக்கும், தெருவில் மீசை முளைத்த எல்லோருக்கும் அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. கல்லூரியில் படிக்கும்போது கேட்டேன். "உனக்கு எதுக்கு? உன்னக் கூட்டிட்டுப் போக ஆளா இல்ல?" என்றார். வேலைக்குப் போன பிறகும் கேட்டேன், அதே பதில்தான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. நினைவு மலரில் இதை எழுதலாமா என்று யோசித்துப் பார்த்தேன். அப்பாவுக்குப் பொய் சொன்னால் பிடிக்காது.

நம் குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும் அது முதலில் அப்பா வாசலுக்கு வரும். சக்கரங்களுக்கு முன்னால் எலுமிச்சம்பழம் வைத்த பிறகு அப்பாதான் ஏறி உட்கார்ந்து நகர்த்துவார். வேறு யாரும் தொடக் கூடாது. மாரியம்மன் கோவில் வரை ஓட்டிப்போய்த் திருப்பிக்கொண்டு வந்து, இறங்கும்போது ஒரு குறையும் சொல்வார். ஹாரன் சத்தம் போதாது என்பார், இல்லையென்றால் கதவு தகரம் என்பார். அந்தக் குறையைக் கேட்ட பிறகுதான் வண்டி நமக்குச் சொந்தமானது போல இருக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்.

தம்பி எஸ்.யூ.வி. வாங்கிவந்தபோது அப்பாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, கால் இரண்டும் வீங்கியிருந்தது. "சாவிய எங்கடா?" என்று கேட்டார். "சாவி போடுற வேலையே இல்லப்பா. பட்டன்தான்" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தீர்கள். படியில் கால் வைக்கப் பார்த்தார், கால் எழும்பவில்லை. ஒருவர் ஸ்டூல் கொண்டுவரச் சொன்னார். இன்னொருவர், "பாவம், அவங்களச் சிரமப்படுத்தாதீங்க. நல்ல நேரம் போகுது, நீயே எடுப்பா" என்றார். தம்பியே எடுத்தான். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, பழம் நசுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவர் குறை எதுவும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

பிறகு அவரைக் கைத்தாங்கலாக எழுப்பி, வண்டியின் முன்னால் நிறுத்திப் படம் எடுத்தீர்கள். அந்தப் படம்தான் இந்த மலரின் அட்டையில் இருக்கிறது. அப்பா சிரிக்கிறார் என்கிறான் தம்பி. வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினால் யார் முகமும் அப்படித்தான் இருக்கும்.

டயாலிசிஸுக்காக வாரம் இரண்டு முறை தஞ்சாவூர் போக வேண்டியிருந்தது. அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். என் கணவருக்கு வேதாரண்யத்தில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார், அவருக்கும் கார் ஓட்டத் தெரியாது. சம்பளத்துக்கு வைத்த டிரைவர் மூன்றாம் வாரமே நின்றுவிட்டார். அப்பாவிடம் வசைப்பாட்டுக் கேட்கிற பொறுமை அவருக்கு இல்லை. கார் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். ஒருவருக்கு ஆடிட்டிங், ஒருவருக்கு நடவு, ஒருவருக்கு வண்டி சர்வீஸில். அப்போதுதான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். தலை நரைத்த பிறகு எல் போர்டு மாட்டிக்கொண்டு ஓட்டினேன். லைசென்ஸ் வாங்கிய மறுநாள் கொட்டகையைத் திறந்து, அம்பாசிடர் சாவியைக் கேட்டேன். "உங்களக் கூட்டிட்டுப் போக ஆளா இல்ல?" என்று நானும் கேட்டேன். அப்பா சாவியைக் கொடுத்தார்.

முதல் மாதம் பின்சீட்டில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே வந்தார். "வாய்க்கால என்ன பார்வை? ரோட்டப் பாரு. கிளட்சுலேர்ந்து கால எடு. அந்த பஸ்காரன் உனக்கு மாமனா, இவ்வளவு மரியாத குடுக்கிற? அடி ஹாரன." நானும் திருப்பிச் சொல்வேன். சிவகங்கைப் பூங்கா தாண்டும் வரை சண்டை போட்டுக்கொண்டே போவோம். ஒருநாள் அவராகவே முன்கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அதன் பிறகு முன்சீட்டில் உட்கார்ந்து திட்டினார்.

இப்போது காணும் பொங்கல் அன்று நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் எல்லோரும் அன்று ஊரில் இருந்தீர்கள். ஆனால் உங்கள் யாருக்கும் இது முழுதாகத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை.

சின்னமாமா ஏழு பேர் உட்காரும் புது வண்டி வாங்கியிருந்தார். அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று எல்லோரும் அந்த ஒரே வண்டியில் நெருக்கி ஏறிக் கல்லணைக்குப் போனீர்கள். தம்பியின் வண்டி இங்கேயே நின்றது, கொட்டகை வாசலை அடைத்துக்கொண்டு. அன்று அப்பாவுக்கு டயாலிசிஸ் நாள். சலவை வேட்டி கட்டி, துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அம்பாசிடரின் முன்சீட்டில் அப்பா தயாராக உட்கார்ந்திருந்தார். நான் வெளியே வந்து தம்பி வண்டியைத் தள்ளிப் பார்த்தேன். ரிமோட் அவனிடம் இருந்தது. வண்டி அசையவில்லை, அலாரம் மட்டும் தெரு முழுக்கக் கத்தியது.

தம்பிக்குப் போன் போட்டேன். "ஐயோ அக்கா, கூட்டத்துல மாட்டிக்கிட்டோம். வண்டிய எடுக்கவே வழியில்ல. ஒரு நாள் தள்ளிப் போடேன், பொங்கலும் அதுவுமா" என்றான். பின்னால் யாரோ மைலேஜ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

கொட்டகைக்குள் திரும்பி வந்தேன். அப்பா கண்ணாடி வழியாக அந்த வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல பெரிய வண்டி" என்றார்.

கடைசியில் வைக்கோல் ஏற்றும் குட்டி யானை வண்டிக்காரர்தான் வந்தார். அப்பாவை முன்னால் உட்காரவைத்து, நான் பின்னால் வைக்கோல் தூசியில் நின்றுகொண்டு போனேன். நேரம் கடந்துவிட்டதால் பாதி டயாலிசிஸ்தான் நடந்தது. மறுநாள் காலை மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அதற்குள் நீங்கள் எல்லோரும் கிளம்பிப் போயிருந்தீர்கள். குழுவில் கல்லணைப் படங்கள் வந்துகொண்டிருந்தன. அப்பா அன்று பிழைத்து வந்தார், பங்குனியில்தான் போனார். அந்த ஒரு நாளால் எதுவும் மாறியிருக்காது என்று டாக்டர் சொன்னார். நான் நம்புகிறேன். ஆனால் அந்த அலாரச் சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை.

போன வாரம் தம்பி குழுவில் ஒரு யோசனை சொன்னான். பழைய வண்டியை உடைக்கக் கொடுத்தால் புது வண்டிக்குத் தள்ளுபடி கிடைக்குமாம், கொட்டகையும் காலியாகுமாம். வரிசையாகக் கட்டைவிரல் தூக்கினீர்கள். பிறந்த வீட்டுக்கு அந்த வண்டியில் வந்தவர்களும், அதில் ஓட்டப் பழகியவர்களும் தூக்கினார்கள். நான் பதில் போடவில்லை. என் பதில் இதுதான்: சாவி என்னிடம் இருக்கிறது, கொடுக்க மாட்டேன்.

நன்றி சொல்லி முடிப்பதுதான் முறை. பண்டிகை நாளில் வண்டியை வைக்கோலோடு பாதி வழியில் திருப்பிக்கொண்டு வந்த குட்டி யானைக்காரருக்கு நன்றி. நான் இரண்டு முறை வேலியில் போய் முட்டிய பிறகும் "பரவால்ல டீச்சர், இன்னொரு தடவ எடுங்க" என்ற டிரைவிங் ஸ்கூல் அம்மாவுக்கு நன்றி. அப்பாவின் ஏச்சுக்கு நடுவே ஊசி குத்திய நர்ஸ் பெண்களுக்கு நன்றி. சனிக்கிழமைகளில் வேதாரண்யத்திலிருந்து பஸ் மாறி மாறி வந்து அப்பாவின் காலைப் பிடித்துவிட்ட என் கணவருக்கு நன்றி. மற்றவர்களுக்கு இன்று வடை பாயசத்தோடு சாப்பாடு இருக்கிறது, குறையில்லாமல் சாப்பிடுங்கள்.

சாப்பிடுமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கீழத்தெரு கமலா அக்காவுக்கும் இப்போது டயாலிசிஸ் நடக்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டில். ஆறு மாதமாக நான்தான் அம்பாசிடரில் அழைத்துப் போகிறேன். அவர் முன்சீட்டில்தான் உட்காருவார், திட்ட மாட்டார். இன்று அவருடைய நாள். பந்தி தொடங்கும் நேரத்துக்கு நாங்கள் கிளம்ப வேண்டும்.

இதை எழுதும்போது யார் வண்டி என்று எனக்குத் தெரியாது. ஆனால் உங்களில் ஒருவர் கொட்டகை வாசலில்தான் நிறுத்தியிருப்பீர்கள். மலரை மூடி வைத்துவிட்டு, எழுந்து போய் அதை எடுங்கள்.