‘போட்டு வாறன்’ என்றால் காத்திருக்க வேண்டாம்

பிறத்தியார் வீட்டில் சண்டை என்றால் யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்கிற குணம் எனக்கு. இதை நான் மறைப்பதில்லை. என் கணவர் இதற்கு மூக்கை நுழைக்கிறது என்று பெயர் வைத்திருக்கிறார். நான் விசாரிக்கிறது என்பேன். எங்கள் வேலையிடத்துக்கு ஓர் உக்ரைன்காரி வந்து சேர்ந்தபோது, பெயரைக் கேட்பதற்கு முன்பே, உன்னுடைய ஊரில் இன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டுவிட்டேன். அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனால் பதில் சொன்னாள்.

எங்கள் வேலை லண்டனில், ஹவுன்ஸ்லோவில், விமானங்களுக்குச் சாப்பாட்டுத் தட்டு அடுக்கி அனுப்பும் இடத்தில். பெல்ட்டில் தட்டு நகர்ந்து வரும். நான் பணிஸ், அதாவது சின்ன பன், வைப்பேன். எனக்கு அடுத்து நிற்கும் அவள் பட்டரும் கரண்டியும் வைப்பாள். தலையில் வலை, கையில் உறை, கோடையிலும் பற்கள் அடித்துக்கொள்கிற குளிர். ஃபோனை உள்ளே கொண்டுவர விடமாட்டார்கள், லாக்கரில்தான் வைக்க வேண்டும். அதனால் அவளுடைய நாட்டில் யுத்தம் நாள் முழுக்க நடந்தாலும், எங்களுக்கு அது பிரேக் நேரத்தில்தான் நடக்கும். லாக்கரைத் திறந்து ஃபோனை எடுத்து, தேநீர்கூட ஊற்றாமல் நின்றபடியே பார்ப்பாள். நான் எனக்குத் தேநீரை ஊற்றிக்கொண்டு அவள் முகத்தைப் பார்ப்பேன்.

நாங்கள் பேசியது ஆங்கிலம். இரண்டு பேருடையதும் உடைந்த ஆங்கிலம்தான், ஆனால் உடைந்த இடங்கள் வேறு வேறு. தமிழில் எழுதும்போது எங்கள் பேச்சு திருத்தமாகத் தெரிகிறது. உண்மையில் பாதி வார்த்தையும் பாதி கையும்தான்.

அவளுடைய ஃபோனில் ஒரு வரைபடம் இருந்தது. ரஷ்யாவின் படை பிடித்த இடமெல்லாம் சிவப்பு. யாருடையது என்று சொல்ல முடியாத இடம் சாம்பல். மிச்சமெல்லாம் வெள்ளை. ஒவ்வொரு நாளும் யாரோ இருந்து அதை மாற்றுகிறார்கள். அந்த வெள்ளையில், சாம்பலுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு சின்னப் பட்டணம். அங்கே அவளுடைய அப்பா தனியாக இருந்தார். தாய் இல்லை, கூடப்பிறந்தவர்களும் இல்லை. அவரை அங்கிருந்து வெளிக்கிடச் சொல்லி அவள் நாள் தவறாமல் கெஞ்சுவாள். அவர் நாள் தவறாமல் மாட்டேன் என்பார். அப்பா, சாம்பல், சிவப்பு, இந்த மூன்றுக்கும் இடையில்தான் அவளுடைய நாள் போனது. போகப் போக என்னுடையதும்.

எனக்குக் கேட்க ஆயிரம் இருந்தது. கரண்ட் போனால் என்ன செய்வார்கள்? பங்கர் வீட்டுக்குள்ளா, வளவுக்குள்ளா? பாண் எங்கே வாங்குவார்கள்? ட்ரோனுக்கு உங்கள் ஆட்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு அவள் சிரித்துவிட்டாள். மொப்பெட் என்பார்களாம். சத்தம் அப்படித்தான் இருக்குமாம். நாங்கள் வண்டு என்றோம் என்றேன். இலங்கையில் யுத்தம் நடந்தபோது வன்னியிலிருந்து ஃபோன் எடுக்கும் என் அக்காவின் வாயில் அந்தச் சொல்தான் வரும், வண்டு சுத்துது, வண்டு சுத்துது என்று. அவளுக்காக நான் வண்டு மாதிரி முரன்று காட்டினேன். அவள் மொப்பெட் மாதிரி உறுமிக் காட்டினாள். கன்டீனில் இருந்தவர்கள் எங்களுக்குத் தலை கழன்றுவிட்டது என்று நினைத்திருப்பார்கள். அதற்குப் பிறகு பீட்சா கொண்டு போகும் பெடியன்களின் மோட்டார்சைக்கிள் பக்கத்தில் வந்தால் அவள் ஏன் ஓரமாக ஒதுங்குகிறாள் என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் எனக்கொரு ராணுவ ஆய்வாளர் இருக்கிறார். என் கணவர்தான். ஊரில் இருந்த காலத்தில் சைக்கிளுக்குக் காற்று அடிக்கவும் பஞ்சிப்படுவார். லண்டனுக்கு வந்த பிறகு யூடியூப் பார்த்துப் பார்த்து யுத்தத் தாங்கிகளின் வகை, ஏவுகணையின் தூரம் எல்லாம் மனப்பாடம். தானும் தன் கூட்டாளிகளும் இல்லாமல் அந்த யுத்தம் நடவாது என்பது போல ஃபோனில் கதைப்பார். நான் அவர் வாயைக் கிண்டிச் செய்தி எடுப்பேன். செய்தியில் “கடும் எதிர்ப்பு” என்று வந்தால் அந்த இடம் அரைவாசி போய்விட்டது. “நிலைகளைச் சீர்செய்தல்” என்றால் முழுதாகப் போய்விட்டது. சமாதானப் பேச்சு என்று தொலைக்காட்சியில் கோட்டுப் போட்டவர்கள் கைகுலுக்குகிற கிழமை ஷெல் அடி கூடும். இதைப் படிக்க எங்களுக்கு யூடியூப் தேவையில்லை. எங்கள் காதுக்கு அந்தப் பாஷை பழக்கம்.

ஒரு மாலை ஷிப்ட் முடிந்து பஸ் தரிப்பில் நின்றோம். அவள் ஃபோனை என்னிடம் நீட்டினாள். பட்டணத்தின் ஒரு மூலையில் சாம்பல் தொட்டிருந்தது. கீழே ஏதோ செய்தி. அதை ஆங்கிலத்துக்கு மாற்றிக் காட்டினாள். நிலைகளைச் சீர்செய்கிறார்களாம்.

“இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டாள். “உனக்குத் தெரியும். உன்ரை கணவருக்கும் தெரியும். சொல்லு.”

என்னத்தைச் சொல்ல? நல்ல நேரத்துக்கு என்னுடைய பஸ் வந்தது. வழக்கமாகச் சொல்வதை அவசரமாகச் சொல்லிவிட்டு ஏறினேன்.

“ஓகே, ஐ கோ அண்ட் கம்.”

அடுத்த நாள் அவள் மூக்கு சிவந்து, தும்மிக்கொண்டு நின்றாள். பட்டர் வைக்கிற கையில் கோபம் தெரிந்தது. பிரேக் வந்ததும் லாக்கருக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தாள்.

“நீ ஏன் வரவில்லை?”

“எங்கை வரவில்லை?”

“போய் வாறன் எண்டு சொன்னாய். வீட்டை போய்க் கணவரிட்டைக் கேட்டுக்கொண்டு வருவாய் எண்டு நினைச்சு நின்றேன். வந்த பஸ் எல்லாத்தையும் விட்டேன். மழையும் வந்தது.”

சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. முப்பது வருடமாக இந்த நாட்டில் இந்த ஆங்கிலத்தைத்தான் பேசுகிறேன். ஜிபி டொக்டரிடம், பள்ளிக்கூட டீச்சரிடம், கவுன்சில் கவுண்டரில், எல்லாரிடமும் ஐ கோ அண்ட் கம் என்றுதான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். எத்தனை பேர் காத்திருந்தார்களோ.

அவளை இருத்தி விளங்கப்படுத்தினேன். எங்களுடைய ஆட்கள் வெளிக்கிடும்போது போறன் என்று சொல்லமாட்டார்கள். அப்படிச் சொன்னால் அது ஒரேயடியாகப் போகிற கதை. போட்டு வாறன் என்றுதான் சொல்ல வேண்டும். போய்விட்டு வருகிறேன் என்று. வழியனுப்புகிறவர்களும் போ என்று சொல்லமாட்டார்கள், போட்டு வாங்கோ என்பார்கள். திரும்பி வருவோமா இல்லையா என்பது வேறு விஷயம்.

அவள் கோபத்தை மறந்து நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கள் பக்கத்தில் பயணம் வெளிக்கிடும் முன் எல்லாரும் ஒரு நிமிடம் பேசாமல் உட்காருவார்கள் என்றாள். பெட்டியின் மேலேயானாலும் சரி, உட்கார வேண்டும். ஏன் என்று கேட்டேன். தெரியாது, உட்காருவோம், அவ்வளவுதான் என்றாள். பேசாமல் உட்காருவது எங்கள் வீட்டில் நடக்கிற காரியமா என்று எனக்குள் நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு, அவள் முகத்தைப் பாராமல், முந்தின நாள் கேள்விக்குப் பதில் சொன்னேன். “அங்கை இனிக் கன நாள் இல்லை. அப்பாவை வெளியிலை எடு.”

அவள் அழவில்லை. “வெளியேறு எண்டு சொல்லச் சொல்ல அவர் இன்னும் இறுகுறார்,” என்றாள். “தான் வெளியேறுகிற ஆள் இல்லையாம். தக்காளி நாற்று வைச்சிருக்கிறாராம், கூரைக்குப் புதுசாத் தகரம் அடிச்சவராம்.”

“வெளியேறு எண்டு ஏன் சொல்லுறாய்?” என்றேன். எனக்கு உண்மையாகவே எரிச்சல் வந்துவிட்டது. “போட்டு வாங்கோ எண்டு சொல்லு.”

அவள் ஓடிப்போய் லாக்கரிலிருந்து ஃபோனை எடுத்து வந்து, கன்டீனில் வைத்தே, அப்பாவுக்கு அழைத்தாள். படம் வராது, குரல் மட்டும் வெட்டி வெட்டி வரும். என்னவோ நீளமாகச் சொன்னாள். பிறகு ஃபோனை என் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். சொல்லு என்று கண்ணைக் காட்டினாள்.

ஒரு முன்பின் தெரியாத மனிதருக்கு, அவருக்கு விளங்காத பாஷையில் என்ன சொல்வது? ஆனால் வாய் தானாகச் சொன்னது.

“ஐயா, போட்டு வாங்கோ.”

அந்தப் பக்கம் இருமல் கலந்த சிரிப்பு. என்ன பாஷை என்று கேட்டாராம். தமிழ் என்று அவள் சொன்னாள். இன்னும் ஏதோ கேட்டார். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்களும் யுத்தத்திலை வெளிக்கிட்ட ஆள்தானே, திரும்பி ஊருக்குப் போனீங்களா எண்டு கேக்கிறார்.”

“ஓம்,” என்றேன். “போனனான்.”

பொய் இல்லை. சண்டை முடிந்து பல வருடம் கழித்து ஒரு தடவை போனேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்தக் கிழமை எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய் அவர் பேரில் ஒரு அருச்சனை செய்வம் என்று நினைத்தேன். ஐயர் வழக்கம்போலப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். பெயரை ஒருவாறு சொன்னேன். அவர் அதை இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

“நட்சத்திரம்?”

“தெரியாது ஐயா. உக்ரைன்.”

ஐயர் ஒரு கணம் யோசித்தார். “அப்ப சுவாமி பேரிலையே செய்வம்,” என்றார்.

வீட்டுக்கு வந்தால் என் கணவர் மேசையில் சாய்ந்துகொண்டு, “என்னப்பா, உம்மடை ஆளின்ரை ஊருக்கு இனி ஒரு றோட்டுத்தான் கிடக்கு,” என்றார். சொல்லும்போது அவர் குரலில் வழக்கமான ஆய்வாளர் தோரணை இல்லை. அவரும் கவலைப்பட்டார் என்று அன்றுதான் கண்டுபிடித்தேன்.

அந்த ஒரு றோட்டால், ஆட்களை ஏற்றப் போன ஒரு வான் வண்டியில் அவளுடைய அப்பா வந்துவிட்டார். செய்தி எங்களுக்குப் பிரேக்கில்தான் தெரிந்தது. லாக்கர் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு அவள் நின்றாள். நான் ஓடிப்போய், என்ன, என்ன என்று உலுக்கினேன். “ஒரே ஒரு பையோடை வந்திருக்கிறார்,” என்றாள். “மாத்து உடுப்பும் சரியா இல்லை. போய்த் திரும்பி வாறதுதானே, எதுக்குச் சாமான் எண்டு கேக்கிறார்.” அவள் சிரித்தாள், அழுதாள். அன்றைக்கு எத்தனை தட்டுகள் பணிஸ் இல்லாமல் ஆகாயத்துக்குப் போனதோ தெரியாது.

சில நாளில் அந்தப் பட்டணம் முழுக்கச் சாம்பலானது. பிறகு சிவப்பு. அன்று அவள் வரைபடத்தை எனக்குக் காட்டவில்லை. நானே வீட்டில் பார்த்துக்கொண்டேன். உயிர் தப்பினார், அது பெரிது. ஆனால் போட்டு வாங்கோ என்று சொன்ன வாய் என்னுடையது.

விசாவுக்கு அலைந்தது தனிக் கதை. அவள் தங்கியிருந்த வீட்டுக்காரர்கள் ஸ்பொன்சராக நின்றார்கள். இந்த வசந்தத்தில் அவர் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். வந்ததும், அந்தக் குரலுக்குரிய ஆளைப் பார்க்க வேண்டும் என்றாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டேன். நெடிய மனிதர். கை மட்டும் பெரிது. என் கணவரும் அவரும் மகளை நடுவில் வைத்துக்கொண்டு தாங்கிகளைப் பற்றிக் கதைத்தார்கள். தாங்கியைத் தன் தெருவில் பார்த்த மனிதரிடம் இவர் அதன் எடையைச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் காலால் ஒரு தட்டுத் தட்டினேன்.

தேநீர் வந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். மகள் மொழிபெயர்த்தாள்.

“திரும்பிப் போனேன் எண்டு சொன்னீங்கள். வீடு எப்பிடி இருந்தது?”

மகள் கண்ணால் கெஞ்சினாள். அவருக்கு வேண்டிய பதில் என்ன என்று எனக்கும் தெரியும். ஆனால் அவர் பார்த்த பார்வைக்கு முன்னால் எனக்குப் பூசி மெழுக வரவில்லை.

“கூரை இல்லை,” என்றேன். “சமைக்கிற குசினி இருந்த இடத்திலை ஒரு பூவரசு. நல்லாக் கிளை விட்டு நின்றது.”

“பிறகு?”

“நிழலிலை கொஞ்ச நேரம் இருந்தேன்.”

“பிறகு?”

“பிறகு போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தேன்.”

அந்தச் சொல்லை மகள் மொழிபெயர்க்கவில்லை. அவருக்குத் தேவைப்படவில்லை. அவர் தேநீரைக் கீழே வைத்தார்.

“ஆரிட்டைச் சொன்னீங்கள்?”

“அந்த மரத்திட்டை.”

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மகளைப் பாராமல், என்னிடமே, தன்னுடைய பாஷையில், மெதுவாக, நெடுநேரம் பேசினார். ஒரு இடத்தில் கையை உயர்த்தி ஏதோ ஒன்றின் உயரத்தைக் காட்டினார். மகள் வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் தலை குனிந்து அழுதாள், ஒரு வார்த்தையும் மாற்றிச் சொல்லவில்லை.

புறப்படும் நேரம் அவர் கோட்டைப் போட்டுக்கொண்டு மறுபடியும் உட்கார்ந்தார். மகளும் உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். என்ன நடக்கிறது என்று தெரியாமல் என் கணவரும் உட்கார்ந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தார். வெளியே ஒரு மோட்டார்சைக்கிள் போனது. கதவடியில் நான் போட்டு வாங்கோ என்றேன். அவர் என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துவிட்டுப் படியிறங்கினார்.

அடுத்த நாள் பெல்ட்டில் அவள் எனக்குப் பக்கத்தில்தான் நின்றாள். நான் பணிஸ் வைத்தேன், அவள் பட்டர் வைத்தாள். அவளுடைய அப்பா அன்று என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இன்று வரைக்கும் கேட்கவில்லை.