காற்றுக்குக் கட்டம் இல்லை

துறைமுகத்தில் எல்லோரும் அவரை அளவுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கடலுக்குள் நிற்கும், சென்டிமீட்டர் கோடு போட்ட கம்பத்தைத் தினம் மூன்று முறை பார்த்து, நீர்மட்டத்தைப் படிவத்தில் மையால் எழுதுவது வேலை. இருபத்தொன்பது வருடம். மகளுக்குக் காய்ச்சல் என்றால்கூட தெர்மாமீட்டரை இரண்டு முறை பார்த்த பிறகுதான் நம்புவார்.

படிவத்தின் ஓரத்தில், பென்சிலால், அந்நேரத்துக் காற்றின் திசையையும் பலத்தையும் குறித்துவைப்பார். யாரும் கேட்டதில்லை. தலைமை அலுவலகத்தில் மையை மட்டும் தட்டச்சு செய்துகொண்டு படிவங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவற்றை வருடவாரியாகத் தைத்து பீரோவில் அடுக்குவார்.

தகராறு கடலால் வந்தது. பருவக்காற்று கரையை ஒட்டி மாதக்கணக்கில் வீசும்போது தண்ணீர் கரைப்பக்கம் ஒதுங்கி உயரும். காற்று எதிர்த்திசைக்குத் திரும்பினால் இறங்கும். அலுவலகம் அச்சிட்ட அட்டவணையில் அதன் சராசரி மட்டும்தான் இருந்தது. காற்று பலத்த வருடங்களில் கடல் அட்டவணையை மதிக்காமல் ஒரு சாண் மேலே நின்றது. உடனே கடிதம் வரும்: கம்பம் அமிழ்ந்திருக்கலாம், சரிபார்க்கவும். அவர் கரைச்சுவரில் பதித்த பித்தளைக் குறியோடு ஒப்பிட்டுப் பார்த்து, கம்பம் சரி, காரணம் காற்று என்று பதில் போடுவார். படிவத்தில் காற்றுக்குக் கட்டம் இல்லை என்று அடுத்த கடிதம். ஒருமுறை நேரில் வந்த அதிகாரியிடம் கேட்டேவிட்டார்: "மண்ணுல இறங்குன கம்பம் நாலு மாசத்துல தானா ஏறி வருமா சார்?" அதிகாரி சிரித்தார், டீ குடித்தார், போனார். மறுமாதம் மறுபடி கடிதம்.

ஓய்வுபெற்ற ஆறாம் மாதம் அவர் இறந்துபோனார். கருவிப் பொறியாளரான மகள், அலுவலகப் பதிவில் அவர் அளவுகளைத் தேடிப் பார்த்தபோது, காற்று பலத்த பதினொரு வருடங்களின் அளவுகள்மேல் ஒரே முத்திரை: கவனிப்பாளர் பிழை. அதாவது, அளவு பார்த்தவரின் தவறு. அதை எடுக்கவைக்காமல் விடுவதில்லை என்று பீரோவிலிருந்த கட்டுகளைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டாள். முதல் நாள் சம்பந்தப்பட்டவர் விடுப்பு. இரண்டாம் முறை, வேறு பிரிவு என்றார்கள். மூன்றாம் முறை அந்தப் பிரிவு மாடி மாறியிருந்தது.

நான்காம் முறை அகப்பட்ட அதிகாரி நிதானமானவர். பென்சில் காற்றையும் மை நீரையும் அவள் ஒரே தாளில் வரைந்து காட்டினாள். இரண்டு கோடும் கைகோத்துக்கொண்டு ஏறின, இறங்கின. முத்திரையை எடுத்துவிடலாம் என்றார். பேச்சோடு பேச்சாகக் கடைசி இரண்டு வருடக் கட்டுகளையும் புரட்டினார். புரட்டிய கை நின்றது.

"மேடம், இது அட்டவணையிலேர்ந்து ஒரு சென்டிமீட்டர்கூட மாறலையே. கடல் இப்படி இருக்காது."

அவள் பார்த்தாள். அப்பா கம்பத்தைப் பார்த்து எழுதவில்லை. அட்டவணையைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஓரத்துக் காற்று மட்டும் ஒருநாள்கூட விட்டுப்போகவில்லை. கம்பத்தருகே போயிருக்கிறார், நின்றிருக்கிறார். அந்த இரண்டு வருடங்களுக்கும் அலுவலகம் கொடுத்த முத்திரை: நன்று.

அந்த இரண்டு வருடங்கள் தொடங்குமுன், கல்லூரியிலிருந்து போனில் தான் சொன்னது நினைவுக்கு வந்தது. பரீட்சை வாரம்; அவர் மறுபடி கடிதப் புராணத்தை ஆரம்பித்திருந்தார். "விடுங்கப்பா. அவங்க கேக்குறத எழுதிக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க." அவர் சரிம்மா என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

ஃபைலைத் திறந்தால் இந்த இரண்டு வருடமும் சேர்ந்தே வெளிவரும், யோசியுங்கள் என்றார் அதிகாரி. அவள் யோசிக்கவில்லை. பதினொரு வருடம் மெய், கடைசி இரண்டும் கம்பத்தைப் பார்த்து எழுதியவை அல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படிவத்தில் காரணம் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள்: கருவி, கவனிப்பாளர். கடைசி இரண்டு வருடங்களுக்குக் கவனிப்பாளர் என்பதில் குறியிட்டாள். பதினொரு வருடங்களுக்கு எதிலும் குறியிடாமல், பென்சிலை வாங்கி ஓரத்தில் எழுதினாள்: காற்று.

"ஓரத்துல எழுதுறத டைப் பண்ண மாட்டாங்க மேடம்."

"தெரியும் சார்."