ஐயா கேட்ட பாட்டு

அந்த ஆளை முதலில் பார்த்தது நான்தான். திருமுல்லைவாயிலில் ஆடி மாதக் கச்சேரி. கூழ் ஊற்றி முடித்த அண்டாக்களை மேடைக்குப் பக்கத்திலேயே கவிழ்த்து வைத்திருந்தார்கள். மைக்கிலும் அந்தப் புளித்த வாசம் அடித்தது. இன்னும் பொழுது சாயவில்லை. சாம்பல் நிற சஃபாரி, மடியில் தோல்பை. பையின் வாய் திறந்திருந்தது. எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். கை தட்டவில்லை, தலை ஆட்டவில்லை. பாட்டுக் கேட்கிறவர்களின் முகம் கொஞ்சம் அவிழ்ந்துவிடும், பாடுகிறவளுக்கு அது தெரியும். அந்த முகம் மட்டும் முடிச்சுப் போட்டபடியே இருந்தது.

எங்கள் குழுவில் அண்ணன் ஆண் குரல், நான் பெண் குரல். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, அறிவிப்பாளர். பட்டாபிராமிலிருந்து ஒருத்தர் டிரம்ஸ் வாசிக்க வருவார். கீபோர்டும் அதை வாசிக்கிற ஆளும் கச்சேரிக்குக் கச்சேரி மாறுவது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில் எந்த அம்மனுக்குக் கூழ் ஊற்றினாலும், எந்த வீட்டில் காது குத்தினாலும், சினிமாப் பாட்டு இல்லாமல் விசேஷம் நிறையாது. அண்ணனும் தங்கையும் காதல் டூயட் பாடுகிற சங்கடத்துக்கு நாங்கள் ஒரு வழி வைத்திருந்தோம். அவன் ஸ்பீக்கர் பெட்டியைப் பார்த்து உருகுவான், நான் சீரியல் லைட்டைப் பார்த்து வெட்கப்படுவேன்.

"இன்னா மாமே, ரெண்டு பேரும் வேற வேற ஆள லவ் பண்ற மாரி கீது" என்பார் டிரம்ஸ்காரர், குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டே.

மாமாவுக்கு ஒரு நியமம் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் படத்தின் பேர், இசையமைத்தவர் பேர், எழுதியவர் பேர், பாடியவர் பேர், நாலையும் சொல்லாமல் மைக்கை விடமாட்டார். மழை தூறினாலும் சொல்லுவார், கரண்ட் போய்த் திரும்பி வந்தால் மறுபடி முதலிலிருந்து சொல்லுவார். "பேர் சொல்லாம பாடினா அது திருட்டு. பேர் சொல்லிட்டா மரியாதை" என்பார். அடுத்தவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுகிற மாதிரி அது அவருக்கு. அதற்கு மேல் ஒரு சட்டம் இருக்கும் என்று மாமாவுக்குத் தெரியாது. எங்களில் யாருக்குத்தான் தெரியும்?

அண்ணன் அப்போது ஆவடியில் ஓர் அரசுத் தொழிற்சாலையில் தற்காலிகமாக வேலை பார்த்தான். நிரந்தரமாக்கப் போவதாகப் பேச்சு வந்திருந்தது. அதற்கு முன்னால் போலீஸ் விசாரணை நடக்கும். பேரில் வழக்கு இருக்கக் கூடாது, ஒரு புகார்கூட இருக்கக் கூடாது. அம்மா அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் திருகாணி பொறுக்கிப் பெட்டியில் போடுகிறவள். வேலை இருந்தால் கூப்பிடுவார்கள், இல்லையென்றால் கேட்டிலேயே திருப்பி அனுப்புவார்கள். நிரந்தரம் என்ற சொல்லை எங்கள் வீட்டில் அதுவரை சாமியைப் பற்றித்தான் சொல்லியிருந்தோம்.

பட்டாபிராம் கச்சேரிக்கும் அந்த ஆள் வந்தார். அதே பை, அதே முகம். இந்தத் தடவை மாமா அவரிடம் போய் நின்றுவிட்டார்.

"சார் எங்கேர்ந்து?"

"கேசட் கம்பெனி. பம்பாய்."

மாமா திரும்பி ஓடி வந்த வேகம் இன்னும் கண்ணில் இருக்கிறது. வேட்டி காலில் சிக்கியது. "டேய், பம்பாய்லேர்ந்து வந்துக்கிறாங்க. உன் குரலப் பிடிச்சுகினு போக வந்துக்கிறாங்க. நல்லா பாடு நைனா, இன்னிக்கி ஒரு நாள் நல்லா பாடு!"

அப்புறம் நடந்ததை எங்கள் பக்கத்து ஆட்கள்தான் செய்வார்கள். மாமா கோயில் நிர்வாகியிடம் சொன்னார். நிர்வாகி தலைவருக்கென்று வைத்திருந்த பொன்னாடையை எடுத்தார். அந்த ஆளை மேடைக்கு அழைத்து, மைக்கில் அவர் கம்பெனிப் பேரைச் சொல்லி, சரிகைத் துண்டைப் போர்த்தி, முன்வரிசையில் கை வைத்த நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பைக்குள் ஓடிக்கொண்டிருந்த டேப் ரெக்கார்டரில் பதிவு தெளிவாக விழட்டும் என்று ஒரு ஸ்பீக்கரை அவர் பக்கம் திருப்பியும் வைத்தார்கள். போண்டா போனது, சோடா போனது. மாமா அன்றைக்கு ஒவ்வொரு பேரையும் நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி சொன்னார். அண்ணன் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை, அந்தத் தோல்பையைப் பார்த்துப் பாடினான். அவன் வாழ்க்கையில் அத்தனை நன்றாகப் பாடியது அன்றுதான். பொன்னாடைக்குள் அந்த ஆள் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். டிரம்ஸ் அடி விழுந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டுக்கே வந்தார். அயனம்பாக்கம் ஏரிக்கரையோரம் எங்கள் வீடு. மடித்த பொன்னாடையைப் பையிலிருந்து எடுத்து முதலில் அம்மாவிடம் கொடுத்தார். போர்த்திய துண்டைத் திருப்பிக் கொடுக்கிறவன் நல்ல சேதி கொண்டுவர மாட்டான்.

காப்பியை மரியாதையாகக் குடித்தார். மரியாதையாகத்தான் பேசினார். குரலை உயர்த்தியிருந்தால் எங்களுக்குச் சண்டை போடவாவது தெரிந்திருக்கும்.

"இந்தப் பாட்டெல்லாம் கம்பெனியோட உரிமை. பொது இடத்துல, சம்பளம் வாங்கிக்கிட்டுப் பாடறதுக்கு எழுத்துல அனுமதி வாங்கணும். நீங்க வாங்கல."

"பேர் சொல்லிட்டுத்தானே சார் பாடறோம்?" மாமாவின் குரலில் வருத்தம்தான் இருந்தது. "ஒரு பேரு விட்டுப்போச்சா?"

"அதான் சார். நீங்களே பேர் சொல்லிட்டீங்க. எந்தப் படம், யார் பாட்டு, எல்லாம் உங்க வாயாலயே கேசட்ல இருக்கு. நாங்க நிரூபிக்கவே வேண்டியதில்ல."

அம்மா கேட்டாள், "அம்மன் கோயில்ல பாடினது கூடவா தப்பு?"

கோயில் சடங்கு வேறு, கூலிக்குப் பாடுவது வேறு, எது எது என்பதைக் கோர்ட்டுதான் சொல்லும் என்றார். அதுவரைக்கும் உரிமம் வாங்காமல் பாடினால் உள்ளூர் ஸ்டேஷனில் புகார் கொடுப்பார்களாம். இது கிரிமினல் சட்டம் என்றும் சொன்னார். கிரிமினல் என்ற சொல் காப்பி டம்ளர்களுக்கு நடுவில் வந்து உட்கார்ந்தது. போகும்போது அண்ணனைப் பார்த்து, "நல்ல குரல் தம்பி. பாவம்" என்றார். அந்தப் பாவம் எதற்கென்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சேதி கேட்டு டிரம்ஸ்காரர் சைக்கிளில் வந்தார். "இன்னா அண்ணாத்தே, ஊட்டுக்குத்தான் பட்டா கேட்டானுங்க, பாட்டுக்கும் பட்டா கேக்கறானுங்களா?" என்று சிரித்தார். ஏரிக்கரை வீடுகளுக்குப் பட்டா கிடையாது. யாரும் சிரிக்காததைப் பார்த்து அவரும் நிறுத்திக்கொண்டார்.

பயம் வீட்டுக்குள் ஓதம் ஏறுகிற மாதிரி ஏறியது. முதலில் அண்ணன் கச்சேரியைப் பற்றிப் பேசுவதை விட்டான். அப்புறம் ரயிலில் பாடுவதை விட்டான். காலை வண்டியில் பெட்டிச் சுவரைத் தட்டிக்கொண்டு பாடுகிற கூட்டம் ஒன்று அவனுக்கு உண்டு. அவர்கள் அழைத்தபோது தொண்டைக்கட்டு என்றான். ரயில் பொது இடமா என்று என்னைக் கேட்டான். தெரியாது என்றேன். ஏரிக்கரை? தெரியாது. வீட்டு வாசல்? அங்கே நின்று பாடினால் தெருவுக்குக் கேட்குமே. குளிக்கிற இடத்தின் தட்டிக்குப் பின்னால் முன்பெல்லாம் தண்ணீர்ச் சத்தத்தோடு ஒரு சரணம் வரும். இப்போது தண்ணீர் மட்டும் விழுந்தது. அம்மா அடுப்படியில் முணுமுணுத்தால்கூட "சும்மா இரும்மா" என்று அதட்டினான். தெருவில் பையோடு போகிற எல்லாரையும் நான் பார்த்தேன். காய்கறிப் பை, சாப்பாட்டுப் பை, பள்ளிக்கூடப் பை. எதன் வாய் திறந்திருக்கிறது என்று பார்ப்பதே எனக்கு வேலையாகிப் போனது.

ஆனாலும் ஒரு கச்சேரி பாக்கி நின்றது. எங்கள் ஏரியா நலச் சங்கம் கட்டட நிதிக்காக டிக்கெட் அடித்து விற்றுவிட்டிருந்தது. வரமாட்டோம் என்றால் இந்தத் தெருவில் குடியிருக்க முடியாது. ஒரே ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். மாமா எந்தப் பேரையும் சொல்லக் கூடாது.

மாமா மைக்கைப் பிடித்து, "அடுத்து ஒரு பாட்டு" என்றார். அவ்வளவுதான். கழுத்துப் பட்டன் வரை போட்ட சட்டையோடு, பேர் எதுவும் இல்லாமல், திருவிழாவில் தொலைந்த மனுஷன் மாதிரி நின்றார். கூட்டம் விடுமா?

"யோவ், இன்னா படம்னு சொல்லுய்யா!"

"மறந்துட்டாருப்பா பெருசு!"

கடைசியில் கூட்டமே பேர் சொல்ல ஆரம்பித்தது. ஒவ்வொரு பாட்டுக்கும் முதல் இசை வந்தவுடன் படத்தின் பேரையும் பாடியவர் பேரையும் நூறு வாய்கள் கத்தின. மாமா அழித்துவிட்டு வந்த சாட்சியை ஊரே திரும்ப எழுதிக்கொண்டிருந்தது. அண்ணனின் காது மடல் சிவந்து போனதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நடுவில் ஜீப் வந்து நின்றது. சப் இன்ஸ்பெக்டர், கூட ஒரு கான்ஸ்டபிள். டிக்கெட் கச்சேரி, கூட்டம் அதிகம், பாதுகாப்புக்கு வந்தார்கள். அப்படித்தான் இப்போது நினைக்கிறேன். அன்றைக்கு அப்படி நினைக்க முடியவில்லை. சற்று நேரத்தில் கான்ஸ்டபிள் மேடைக்கு வந்து அண்ணன் கையில் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார். கச்சேரியில் ரசிகர்கள் சீட்டு அனுப்பி விருப்பப் பாட்டுக் கேட்பது வழக்கம்தான். அதில் ஒரு பாட்டின் முதல் வரி எழுதியிருந்தது.

"ஐயா கேக்கறாரு" என்றார்.

அந்தப் பாட்டு எங்கள் உயிர். அண்ணன் அதைப் பாடாத கச்சேரி கிடையாது, பட்டாபிராமில் தோல்பைக்காரர் முன்னால் பாடியதும் அதைத்தான். அண்ணன் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அவனுக்குள் ஓடியது எனக்கும் ஓடியது. இவர் கேட்கிறாரா, பிடிக்கிறாரா? பாடினால், போலீஸ் எதிரிலேயே செய்த குற்றம். பாடவில்லை என்றால்?

அண்ணன் மைக்கில் குனிந்தான். "மன்னிக்கணும் ஐயா. இந்தப் பாட்டு எனக்குத் தெரியாது."

கூட்டம் ஒரு கணம் நம்பவில்லை. அப்புறம் ஊளையிட்டது. "டேய், போன வருசம் நீதானடா பாடுனே!" சப் இன்ஸ்பெக்டர் எழுந்து நிற்கவில்லை, திட்டவில்லை. தொப்பியை மடியிலிருந்து எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார். ஜீப் கிளம்பிப் போன பிறகுதான் டிரம்ஸ்காரர் மூச்சு விட்டார். "போச்சு மாமே. ஆசயா கேட்ட மனுசன இல்லேன்னு அனுப்பிட்டியே" என்றார்.

சில வாரங்கள் கழித்து, ஒரு பகல் நேரத்தில், அண்ணனின் வேலைக்கான விசாரணைக் காகிதத்தோடு வந்தது அதே கான்ஸ்டபிள்தான்.

அம்மா நாற்காலியை முந்தானையால் துடைத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து காகிதத்தைத் தொடைமேல் விரித்தார். பேர், அப்பா பேர், எத்தனை வருசமாக இந்த வீட்டில். எல்லாவற்றுக்கும் அண்ணன் நின்றபடியே பதில் சொன்னான். வழக்கு, புகார் ஏதாவது உண்டா என்ற இடத்துக்கு வந்ததும் பேனாவை மூடினார்.

"அன்னிக்கி ஐயா கேட்ட பாட்டு தெரியாதுன்னியே, அந்த ஆளு நீதானே?"

அண்ணன் தலையை மட்டும் ஆட்டினான்.

"ஐயா சொல்லி அனுப்பிச்சாரு. அந்தப் பாட்டு அவனுக்குத் தெரியுமா தெரியாதான்னு கேட்டுகினு வா, அப்பால எளுதுன்னாரு." பல் தெரியச் சிரித்தார். அது விளையாட்டா மிரட்டலா என்று அந்தச் சிரிப்பில் எழுதியிருக்கவில்லை. "தெரியுமா?"

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். தெரியும் என்றால் போலீஸிடம் பொய் சொன்னவன். தெரியாது என்றால் இரண்டாம் முறையும் பொய் சொன்னவன்.

"தெரியும் சார்."

"அப்ப பாடு."

வேலை கிடைத்தது. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். புகார் வரவில்லை, வழக்கும் வரவில்லை, தோல்பைக்காரரை நாங்கள் மறுபடி பார்க்கவும் இல்லை. அதையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தப் பகலை நினைத்துப் பார்க்க இன்றும் என்னால் முடியவில்லை. நினைக்கும்போதெல்லாம் எதுவும் தெரியாதவளாகத்தான் அந்த அறையில் போய் நிற்கிறேன்.

அம்மா எழுந்து தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். ஏரிப்பக்கத்து ஜன்னலையும் சாத்தினாள். நான் கதவைத் தாழிட்டு அதில் முதுகைச் சாய்த்து நின்றேன். வெளிச்சம் ஓட்டுக் கண்ணாடி வழியாக மட்டும் விழுந்தது. அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். இசை இல்லை, மைக் இல்லை, பேர் சொல்ல மாமா இல்லை. பல்லவியை எடுத்தான். வாரக்கணக்கில் மூடிவைத்த குரல், முதலில் துரு மாதிரி உதிர்ந்து, அப்புறம் தன்னைத்தானே கண்டுபிடித்துக்கொண்டது. மெதுவாகத்தான் பாட நினைத்தான். குரல் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

வாசலில் செருப்புச் சத்தம். ஒன்று, அப்புறம் நிறைய. முதுகுக்குப் பின்னால் கதவு லேசாக அதிர்ந்தது. தெருக்காரர்கள் வந்து நிற்கிறார்கள். யாரோ, "அவன் பாடறாண்டி" என்றது பலகை வழியாக என் முதுகெலும்பில் கேட்டது. நான் இன்னும் அழுத்திச் சாய்ந்தேன். உள்ளே நாலு பேர், வெளியே எத்தனை பேரோ. நடுவில் ஒரு விரல் கனம் மாம்பலகை.

அண்ணன் சரணத்துக்குப் போனான். கான்ஸ்டபிள் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட்டார். அவர் விரல்களுக்குக் கீழே காகிதம் நகர்ந்துகொண்டே இருந்தது. பேனா மூடியபடியே இருந்தது.