ஏற்கெனவே உள்ளே இருந்தது

என் ஆய்வு மாணவி ஒருத்தியை எல்லோர் முன்னிலையிலும் பொய்க்காரி ஆக்கினேன். அவள் சொன்னது உண்மை. உண்மை என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்தது.

வேங்கிக்கால் பக்கம் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருந்தேன். மூலக்கூறுகள் ஒன்றையொன்று எப்படி அடையாளம் கண்டுகொள்கின்றன என்பது என் ஆய்வு. கிரிவலப் பாதையில் ஒரு லிங்கத்தின் அருகே எடுத்த மண்ணிலிருந்து பாக்டீரியா ஒன்றைப் பிரித்திருந்தோம். அதில் சிவப்பாக ஒரு புரதம். அதன் நடுவே ஒரு குழி. குழிக்குள் தண்ணீர் இருக்கும்வரை சிவப்பு. அதற்குப் பொருந்தும் மூலக்கூறு எதுவாவது தண்ணீரைத் தள்ளிவிட்டு உள்ளே உட்கார்ந்தால் நிறம் லேசாகப் பழுப்பாகும். கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. ஒளியைச் செலுத்தி அளக்கும் கருவியின் திரையில் வளைகோடு இடம் மாறும். அந்தக் குழி எதற்கு உரியது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. செங்கம் பக்கத்துக் கிராமத்துப் பெண். ஆராய்ச்சிவரை வந்தவர்கள் அவள் குடும்பத்தில் வேறு யாரும் இல்லை.

ஆயுத பூஜை முடிந்த வாரத்தில் ஒரு நாள் என் மேசை முன் வந்து நின்றாள்.

"சார், நான் இன்னும் எதையுமே சேர்க்கல. வெறும் புரதமும் உப்புத்தண்ணியும்தான். ஆனா கோடு நகர்ந்துடுச்சு. உள்ள ஏற்கெனவே ஏதோ உக்காந்திருக்கு சார்."

"ஏதோன்னா? பேயா?"

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"குழாய மூடி வெச்சா ஒண்ணும் இல்ல சார். கருவிகிட்ட தொறந்து வெச்சா கொஞ்ச நேரத்துல வந்துடுது."

"கையை ஒழுங்கா கழுவலன்னா எல்லாந்தான் வரும். ரிசல்ட் வரலன்னா வரலன்னு சொல்லு. கதை கட்டாத."

அத்தோடு விட்டிருக்கலாம். அவளுடைய உதவித்தொகை நீட்டிப்புக்குக் கையெழுத்துப் போட மறுத்தேன். கார்த்திகை தீபத்துக்கு முன்பே அவள் கல்லூரியை விட்டுப் போய்விட்டாள்.

பிறகு ஒரு நாள் ஏதோ தேடும்போது அந்தக் கருவிக்குக் கீழேயுள்ள இழுப்பறையைத் திறந்தேன். ஒரு பிளாஸ்டிக் பொட்டலம். ஆயுத பூஜைக்குக் கருவிகளுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவது எங்கள் வழக்கம். மீந்த கற்பூரத்தை என் கையால்தான் அங்கே வைத்திருந்தேன். போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை. கற்பூரம் உருகி வழியாது, திடமாக இருந்தபடியே காற்றாகி மெல்லிய பிளாஸ்டிக்கையும் ஊடுருவிப் போய்விடும். சாம்பல்கூட மிஞ்சாது. முடிச்சு அவிழாத வெற்றுப் பையைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். அதுதான் அவள் திறந்து வைத்த குழாய்க்குள் போயிருக்க வேண்டும்.

அந்த லிங்கத்தின் முன்னே தலைமுறை தலைமுறையாகக் கற்பூரம் கொளுத்துகிறார்கள். அந்த மண்ணில் வாழ்ந்த பாக்டீரியா கற்பூரத்தையே தின்னப் பழகியிருக்கிறது. குழி கற்பூரத்தின் வடிவக் குழி. ஒரு துணுக்கைப் போட்டுப் பார்த்தேன். அவள் சொன்ன இடத்துக்கே கோடு நகர்ந்தது. கட்டுரை எழுதினேன். அதில் அவள் பெயர் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு செங்கம் சாலைப் பக்கம், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வாடகை மாடியில் தனியாக இருக்கிறேன். வீட்டில் கற்பூரம் வைத்துக்கொள்வதில்லை. ஆனாலும் வாசனை வரும். பீரோவைத் திறந்தால் வரும். குடிக்கத் தம்ளரை எடுத்தால் வரும். வேலைக்கு வரும் அம்மாவிடம் கேட்டேன்.

"கற்பூரம் ஏத்தினியாம்மா?"

"நான் எதுக்குங்க ஏத்தப்போறேன்? எனக்கு ஒரு வாசனையும் வரலியே. உங்களுக்குதான் மூக்கு ஜாஸ்தி வேலை செய்யுது."

மூக்கினுள்ளும் அதே மாதிரி குழிகள் உள்ள புரதங்கள்தான். மூலக்கூறு வந்து உட்கார்ந்தால்தான் வாசனை. அப்படியானால் என் மூக்கில் வந்து உட்கார்ந்தது எது? எனக்குத் தெரிந்த அறிவியலில் பதில் இல்லை.

போன வருஷம் அவளைத் தேடிப் போனேன். எங்கள் ஊருக்குள்ளேயே ஒரு பள்ளியில் வேதியியல் டீச்சராக இருந்தாள். காபி கொடுத்த கை வெடித்து, தோல் உரிந்து கிடந்தது.

"கை என்னம்மா ஆச்சு?"

"கழுவிக் கழுவி இப்படி ஆயிடுச்சு சார். எத தொட்டாலும் கழுவணும் எனக்கு. மோட்டார் போட்டே கரண்டு பில்லு ஏறுதுன்னு வீட்டுக்காரர் கிண்டல் பண்ணுவாரு."

எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டலம், முடிச்சு, கட்டுரை. கடைசியில் கேட்டாள்.

"அப்ப என் கை இல்லியா சார்?"

"இல்லம்மா."

"நானே பாக்கணும். அதே ரூம்ல. நீங்க சொல்லி நான் நம்பினது போதும்."

துறையில் எல்லோரையும் கூட்டி நான் செய்ததைச் சொன்னேன். கட்டுரை வந்த இதழுக்கும் தெரிவித்தேன், அவள் பெயரை முதலில் போட்டுத் திருத்தம் வெளியானது. அதை அவளிடம் காட்டியபோது தலையை மட்டும் ஆட்டினாள். அவள் கேட்டது அதுவல்ல.

ஒரு சனிக்கிழமை அந்த அறையைத் திறந்து கொடுத்தார்கள். கருவி புதியது. இழுப்பறையை அவளே இழுத்துப் பார்த்தாள், காலி. அதே மண்ணின் புரதம், உப்புத்தண்ணீர், வேறு எதுவும் இல்லை. திறந்த குழாயை நான் பிடித்துக்கொண்டேன், அவள் ஊற்றினாள்.

கோடு நகர்ந்தது.

அவள் தன் கைகளைப் பார்த்தாள். அந்த முகத்தை என்னால் எழுத முடியவில்லை. அன்று நான் கோயில் பக்கமே போகவில்லை. குளித்து, துவைத்த சட்டை போட்டு வந்திருந்தேன். இந்த ஊரில் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் பையில்கூடக் கற்பூரம் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நிதானமான குரலில், "சார், நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க" என்றாள்.

வராந்தாவுக்கு வந்து கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். அவள் கை கழுவவில்லை. புதுக் குழாய் எடுத்தாள், ஊற்றினாள், மூடாமல் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். அளந்தாள். மறுபடி காத்திருந்து மறுபடி அளந்தாள். கோடு இருந்த இடத்திலேயே இருந்தது. அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

என்னை உள்ளே கூப்பிடவில்லை. நானும் கதவைத் தட்டவில்லை. நான் நின்ற இடத்தில் மட்டும் கற்பூர வாசனை அடித்துக்கொண்டே இருந்தது.