துண்டு அலமாரியில் பெரோலா

பிரேசிலின் பெலெம் நகரில் எங்கள் தெருப் பெண்களுக்கு முடிவெட்டிச் சாயம் பூசுபவள் ஜுராசி. கடை அவள் வீட்டு முன்னறைதான். பிள்ளைகள் வேலைக்காக வெளியூர் போனதும் அவள் கணவன் எவரிஸ்டோ, பஸ் மெக்கானிக், வீடு வெறிச்சோடிவிட்டது என்று சொல்லி முறையான அனுமதிச் சீட்டோடு ஒரு மலைப்பாம்புக் குட்டியை வாங்கி வந்தான். பெரோலா என்று பெயரும் வைத்தான்.

"கடையிலயே வை. என் கண்ணு முன்னால இருக்கட்டும்" என்றாள் ஜுராசி.

மூடப்பட்ட ரொட்டிக்கடையின் கண்ணாடிப் பெட்டி ஒன்று எவரிஸ்டோவுக்குக் கிடைத்தது. அதில் வண்ண விளக்கும் பிளாஸ்டிக் பூவும் வைத்து, பாம்பைக் குடியேற்றினான். மேலே ஏசி. சுற்றிலும் வேடிக்கை பார்க்கும் வாடிக்கையாளர்கள். பெரோலா மூலையில் சுருண்டுகொண்டது. எலி வைத்தால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஊரே பாக்க உன்னக் கண்ணாடிக்குள்ள உக்கார வெச்சா நீ சாப்பிடுவியா?" என்று கேட்டாள் ஜுராசி.

"சாப்பிடுவேனே" என்றான் எவரிஸ்டோ. அது உண்மைதான்.

ஒரு மழை மதியம் பெட்டிக் கதவு விரலளவு நகர்ந்திருந்தது. உள்ளே பெரோலா இல்லை. கடை நிறையக் கூட்டம். ஜுராசி யாரிடமும் மூச்சு விடாமல் துடைப்பத்தை எடுத்து, ஒவ்வொருவர் காலையும் தூக்கச் சொல்லிப் பெருக்குவதுபோல் தேடினாள். தலையில் சாயத்தோடு இருந்த டோனா நொயேமியா தானே எழுந்து துண்டு எடுக்கப் போனாள்.

"ஜுராசி, இங்க ஒரு துண்டு மூச்சு விடுதும்மா."

துணி உலர்த்தும் இயந்திரத்தை ஒட்டிய அலமாரி அது. ஜுராசி உள்ளே கைவிட்டாள். இருட்டு, அடக்கமான இடம், இதமான சூடு. பாம்பு நிம்மதியாகப் படுத்திருந்தது.

"இத்தன நாளா குளிர்ல நடுங்கியிருக்கு பாவம்" என்றவள், அன்றே துண்டுகளைக் காலி செய்தாள். எவரிஸ்டோ காற்றுத் துளை போட்டு, கதவில் சிறு கண்ணாடி பதித்தான். இயந்திரத்தை ஒட்டிய பக்கம் சூடு. மறுபக்கம் குளிர்ச்சிக்கு அகலத் தண்ணீர்த் தொட்டி. ஒளிந்துகொள்ள உடைந்த பானை. கதவுக்குக் கொக்கி போதும் என்றான். ஜுராசி பூட்டு வாங்கி வந்தாள்.

அடுத்த எலியைப் பெரோலா மறுக்கவில்லை.

பாம்புக்கு அடியில் விரித்த காகிதம் மாற்றுவதும் தொட்டி தேய்ப்பதும் இப்போது ஜுராசியின் வேலை. எவரிஸ்டோ கிட்டே வந்தால், "நீ போயி பஸ்ஸக் கழுவு" என்கிறாள். துண்டுகள் வண்ண விளக்கின் கீழே, கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. விலை என்ன என்று கேட்டு ஆட்கள் வருகிறார்கள்.