இரண்டு டப்பாவிலும் நானே துப்பினேன்

என் மனைவிக்கு டிபி வந்தது. ஆறு மாதம் மாத்திரை தின்று தேறினாள். அப்புறம் ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு வருகிறது, பக்கத்தில் படுத்தவருக்கு வரவில்லை, அது ஏன் என்று பார்க்கிறார்களாம்.

எங்கள் வீடு திருவொற்றியூரில், மூன்றாவது மாடி. ஒரே அறை. நான், அவள், என் தம்பி.

அவர்களோடு வந்த நர்ஸம்மா எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு டப்பா கொடுத்தார். பேர் எழுதி ஒட்டியிருந்தது. காலையில் எழுந்ததும் நெஞ்சிலிருந்து காறித் துப்ப வேண்டும்.

தம்பி அப்போதே ஒரு மாதமாக இருமிக்கொண்டிருந்தான். துறைமுகத்தில் அவனுக்குக் கப்பல் மேல் ஏறிக் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்குகிற வேலை. பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டியிருந்தான்.

"அண்ணாத்த, என் டப்பாலயும் நீயே துப்பிடு."

"இன்னாத்துக்கு?"

"டிபின்னு மேஸ்திரிக்குத் தெரிஞ்சா ஹார்பர் கேட்டாண்டயே வுடமாட்டான். இது சும்மா மணலி கம்பெனிப் பொகை காத்து. இந்தப் பக்கம் எவன் இருமல?"

அப்பா போன பிறகு அவனை வளர்த்தவன் நான். அவன் டப்பாவையும் வாங்கிக்கொண்டேன்.

எனக்குச் சளியே கிடையாது. ஒரு டப்பாவுக்கே தொண்டை புண்ணானது. இரண்டாவதைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றேன்.

"நல்லா ரொப்பு. கொசுறு கேக்கப் போறாங்க" என்றாள் மனைவி. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

இரண்டு வாரம் கழித்து நர்ஸம்மா வந்தார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ரெண்டு பேருக்கும் நோய் இல்லண்ணே. இத்தினியூண்டு ரூம்ல அண்ணிகூட இருந்தும் தொத்தல. உங்க பரம்பரை ரத்தத்துலயே ஏதோ கீது. அண்ணன், தம்பி ரெண்டு பேர் ரத்தமும் வேணும்."

எங்கள் அப்பா இருமித்தான் செத்தார். அதை நான் சொல்லவில்லை. கையை நீட்டினேன். அவர் ரப்பரைக் கட்டி நரம்பைத் தேடினார்.

அந்த நேரம் தம்பி ஷிஃப்ட் முடிந்து வந்தான். படியிலேயே சத்தம் கேட்டது. நாலு படி ஏறுவான். நிற்பான். இருமுவான். மறுபடி நாலு படி.

நர்ஸம்மா வாசலைப் பார்த்தார். "யாருண்ணே அது?"

பக்கத்து வீட்டுக்காரன் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த நாலு படி கேட்டது.

"என் தம்பி. அவன் டப்பால இருந்ததும் என் சளிதான்."

அவர் திட்டவில்லை. ரப்பரை அவிழ்த்தார். பையிலிருந்து புது டப்பா எடுத்துத் தம்பி பேரை எழுதினார்.

தம்பி வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். டப்பாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"என் பொழப்புல மண்ண போட்டுட்டியே, நைனா."

நர்ஸம்மா பக்கத்திலேயே நின்று அவனைத் துப்பவைத்து வாங்கிக்கொண்டு போனார். சளியில் கிருமி இருந்தது. மேஸ்திரி வேறு ஆளைப் போட்டுக்கொண்டான்.

வீட்டில் மூன்று பேரில் எனக்கு மட்டும் வரவில்லை. அதனால் என் ரத்தம் இன்னும் வேண்டுமாம். கேட்கும்போதெல்லாம் கொடுக்கிறேன். அவர்கள் என்ன கண்டுபிடித்தார்கள் என்று நான் கேட்டதில்லை.

தம்பி என்னோடு பேசுவதில்லை. ஆனால் காலையில் மாத்திரையை என் எதிரே நின்றுதான் விழுங்குகிறான். முறைத்துக்கொண்டே.