மெசின் காணாத டம்ளர்

அந்த டீ மெசின் வரவேண்டும் என்று அந்த ஒஃபிஸிலேயே அதிகம் ஆசைப்பட்டவள் நான்தான். வாங்கிய முதலாளி சேருக்குக்கூட அவ்வளவு ஆசை இருந்திராது. மெசின் வந்தால் டீ ஊற்ற ஆள் தேவையில்லை. டீ ஊற்ற ஆள் தேவையில்லையென்றால் என்னை முன்னுக்கு இருத்துவதாகச் சேர் சொல்லியிருந்தார். முன்னுக்கு என்றால் கண்ணாடிக் கதவைத் திறந்ததும் தெரிகிற மேசை, சுழலும் கதிரை, ஒரு டெலிபோன், ஒரு கம்பியூட்டர். அந்தக் கதிரைக்காக நான் என்னவெல்லாம் பொறுத்துக்கொண்டேன் என்று நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஒஃபிஸ் வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கையொன்றில், இரண்டாம் மாடியில் இருந்தது. பிள்ளைகளை வெளிநாட்டுக்குப் படிக்க அனுப்பும் ஏஜென்சி. சேரும் மேடமும் புருசன் பெண்சாதி, யாழ்ப்பாணத்து ஆட்கள். நான் கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருவேன். அப்பாவும் அம்மாவும் தேயிலைத் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வந்தவர்கள். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவுக்குப் பேலியகொடையில் மீன் வெட்டிக் கழுவும் வேலை. நான் ஓ.எல். சோதனை பாஸ், கம்பியூட்டர் கோர்ஸ் முடித்தவள், சிங்களமும் நன்றாகப் பேசுவேன். ஆனால் அங்கே எனக்குக் கிடைத்தது கூட்டுவதும் துடைப்பதும் டீ ஊற்றுவதும்தான்.

என் டம்ளரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒஃபிஸ் கப்புகள் எல்லாம் வெள்ளைப் பீங்கான். டீ போடும் குசினி மூலையில் ஒரு ராக்கையில் வரிசையாகத் தொங்கும். என்னுடையது ஒரு கட்டைச் சில்வர் டம்ளர். அது இருந்த இடம் பின்பக்கத்து ஜன்னல் கட்டு, டொய்லெட் கழுவும் மருந்துப் போத்தலுக்குப் பக்கத்தில். வேலைக்குச் சேர்ந்த அன்றே மேடம் அதைக் கையில் தந்தார். "இது உனக்கு. இதிலயே குடி. மற்றதுகளோட சேர்த்துக் கழுவாத." ஏன் என்று நான் கேட்கவில்லை. தோட்டத்து ஆட்களுக்குத் தனி டம்ளர் என்பதை யாரும் போர்டில் எழுதி மாட்டுவதில்லை. கேட்காமலே விளங்கிவிடும். வேடிக்கை என்னவென்றால் அந்த வெள்ளைக் கப்புகளை எல்லாம் தினமும் கழுவி அடுக்கியது என்னுடைய கைதான். கை படலாமாம், வாய் படக்கூடாதாம். என்ன நியாயமோ, அதை அவர்களிடம்தான் கேட்கவேண்டும்.

அம்மாவிடம் மெசின் கதையைச் சொன்னதும் அவர் ஒழுங்கை முழுக்கச் சொல்லிவிட்டார். "எம் மக இனிமே ஏசிக்குள்ள கதிரையில ஒக்காந்துதான் வேல செய்யும்" என்று பைப்படியில் நின்று பெருமையடித்தாராம். எனக்குக் கறுப்புச் சப்பாத்து ஒரு ஜோடியும் வாங்கி வந்துவிட்டார். "டம்ளர் கிம்ளர்னு மூஞ்சியத் தூக்கிக்கிட்டு நிக்காத. மொதல்ல கதிரையில ஒக்காரு. அப்பறமா ரோசம் பாக்கலாம்" என்றார். சரியென்றுதான் எனக்கும் பட்டது.

மெசினைக் கொண்டுவந்து பூட்டியவர் நுகேகொடையிலிருந்து வந்த ஒரு சிங்களவர். அவர் வயரைச் செருகி முடிப்பதற்குள் மேடம் சூடத் தட்டோடு வந்துவிட்டார். புது மெசின் அல்லவா! விபூதி பூசி, பூ வைத்து, கப் வைக்கும் இடத்துக்கு மேலே ஒரு பெரிய சந்தனப் பொட்டும் வைத்தார். வைத்த இடம் சென்சர். மெசின் செத்தது மாதிரி நின்றுவிட்டது. மெசின்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு, "அய்யோ மேடம், அதுதான் இதுக்குக் கண்ணு!" என்று துணியை எடுத்துத் துடைத்தார். நான் குசினிக்குள் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அந்த ஒஃபிஸில் நான் வயிறு குலுங்கச் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

பிறகு அவர் தங்கச்சி என்று சிங்களத்தில் என்னைக் கூப்பிட்டார். "நங்கி, இங்க குடிக்கிற கப் எல்லாம் கொண்டு வாங்க. ஒண்ணும் விடவேணாம். நான் செட் பண்ணணும்." மேலேயிருந்து சென்சர் பார்க்குமாம். கப் வைத்தால்தான் டீ வரும், வைக்காவிட்டால் வராது. கப்பின் விளிம்பு எங்கே, டீ எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்து, வழிவதற்கு முன்னால் தானே நின்றுவிடும். "சின்னப் பிள்ளைகூட எடுக்கலாம், சுடாது" என்றார். இரண்டே விசயம்தான் செய்யக்கூடாதாம். சில்வர் சாமான் வைக்கக்கூடாது, அது மினுங்குவதால் சென்சருக்குப் பிடிபடாது. கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டக்கூடாது, கப்பா கையா என்று அதற்குக் குழம்பிவிடும்.

மேடம் ராக்கையிலிருந்த வெள்ளைக் கப்புகளை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தார். மெசின்காரர் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். "எல்லாம் இவ்வளவுதானே?" என்று கேட்டார். "ஓம், எல்லாம்தான்" என்றார் மேடம். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. என் டம்ளர் அவருக்கு ஞாபகமே வரவில்லை. அதைவிடக் கேவலம், பக்கத்தில் நின்ற எனக்கும் வரவில்லை. குடிக்கிற கப் என்றதும் நானே அதைச் சேர்க்கவில்லை. அவ்வளவு தூரம் என்னைப் பழக்கிவைத்திருந்தார்கள்.

செட் பண்ணி முடிந்ததும் சேர் முதல் டீயை எடுத்தார். டீ விளிம்புக்குக் கீழே அழகாக நின்றது. எல்லாரும் கை தட்டினார்கள். ஒஃபிஸில் இருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக எடுத்தார்கள். சேர் நல்ல சந்தோசத்தில் இருந்தார். "நீயும் ஒரு டீ குடியம்மா. இனி முன்னுக்கு இருக்கப்போற ஆளெல்லே" என்றார். எனக்குக் கால் தரையில் படவில்லை. கதிரையே கிடைத்துவிட்ட மாதிரிப் போய் ராக்கையில் ஒரு வெள்ளைக் கப்பில் கை வைத்தேன்.

"ஏய், கை எங்க போகுது?" மேடத்தின் குரல். "உன்ர பேணி என்னத்துக்கு இருக்கு?"

பேணி என்றால் அவர்களுக்கு டம்ளர். நான் பின்னால் போய் அதை எடுத்து வந்தேன். மெசின்காரர் பார்த்ததுமே, "மேடம், சில்வர் வேணாம். சொன்னேன்தானே" என்றார்.

"ஒருக்காத்தானே. ஒண்டும் செய்யாது" என்று மேடம் சிரித்தார்.

டம்ளரை வைத்தேன். மெசின் அசையவில்லை. மெசின்காரருக்கு ஒரு கோல் வந்தது, போனோடு வாசலுக்குப் போனார். மேடம் பக்கத்தில் வந்து நின்றார். "கொஞ்சம் தூக்கிப் பிடியன். கண்ணுக்குக் கிட்டக் காட்டு."

கையில் பிடிக்கக்கூடாது என்று சற்று முன்னர்தான் மெசின்காரர் சொன்னார். மேடமும் கேட்டார், நானும் கேட்டேன். நான் சேரைப் பார்த்தேன். அவர் தன் டீயை ஊதிக்கொண்டிருந்தார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. ஆனால் அன்றைக்கு மேடத்தை எதிர்த்துப் பேசினால் அந்தக் கதிரை எனக்குக் கிடையாது. தூக்கிப் பிடித்தேன்.

மெசின் டம்ளரைக் காணவில்லை. என் கையைத்தான் கண்டது. அதையே கப் என்று எடுத்துக்கொண்டு ஊற்றத் தொடங்கியது. டம்ளர் நிரம்பி வழிந்தும் நிற்கவில்லை. கொதிக்கிற டீ விரல்களில் இறங்கியதும் வெடுக்கென்று இழுத்தேன். டம்ளரில் இருந்ததெல்லாம் மணிக்கட்டில் கவிழ்ந்தது. அம்மா என்று நான் போட்ட கூச்சல் கீழ்மாடிக்கும் கேட்டிருக்கும்.

"ஐயோ, கார்பெட்!" இது மேடம். "மெசினை நிப்பாட்டுங்கோ, வயருக்குள்ள போகப்போகுது!" இது சேர். கோலை விட்டுவிட்டு ஓடிவந்த மெசின்காரர்தான் என் முழங்கையைப் பிடித்துக் குசினிப் பக்கம் இழுத்தார். அங்கே கப் கழுவும் பேசினில் பைப்பைத் திறக்கப் போனவரை மேடம் தடுத்தார். "அதில வேண்டாம். பின்னால பைப் இருக்கு, அங்க கொண்டுபோங்கோ." தோல் கழன்றுகொண்டிருந்தது. நான் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டொய்லெட் வரைக்கும் நடந்தேன்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். அம்மா கட்டைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். ஆத்திரம் தீர மேடத்தைத் திட்டினார். திட்டி முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கதிரைய மட்டும் விட்டுறாதடி" என்றார்.

கட்டோடு திரும்பப் போனபோது கதிரையில் வேறொரு பெண் இருந்தாள். மேடத்தின் அண்ணன் மகள், ஊரிலிருந்து புதிதாக வந்தவள். சேர் அவசரமாக எழுந்து வந்தார். "உன்ர கை ஆறும் மட்டும்தான் இவ இருப்பா. கட்டோட முன்னுக்கு இருந்தா வாற ஆக்கள் என்ன நினைப்பினம்? ஆறினாப் பிறகு உனக்குத்தான்." நம்பினேன். நம்பாமல் என்ன செய்வது?

மேடமும் அன்று நல்லவராக மாறியிருந்தார். ஒரு புது வெள்ளைக் கப்பை எடுத்து நீட்டினார். "இனி உனக்கும் இதுதான். சுடாது. சந்தோசமோ?" வாங்கிப் பார்த்தேன். கைபிடிக்குக் கீழே சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு.

"இது எதுக்குங்க மேடம்?"

"மெசினுக்கு எல்லாம் ஒண்டுதான். எங்களுக்குத் தெரியவேணுமே."

அந்தப் புதுப் பெண் கெட்டவள் இல்லை. அவளுக்கு இந்தச் சங்கதி ஒன்றும் தெரியாது, அவ்வளவுதான். ஒருநாள், மகனை வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு தாயும் தகப்பனும் வந்திருந்தார்கள். அவர்களுக்கு நான்தான் ஒற்றைக் கையால் தட்டில் டீ கொண்டுபோய் வைத்தேன். அந்தப் பெண் தனக்கும் ஒன்று வேண்டுமென்று, ஜன்னல் கட்டில் இருந்த என் கப்பை எடுத்துவந்து மெசினில் வைத்தாள். சிவப்புப் பொட்டு வடிவாக இருக்கிறது என்று எடுத்தாளாம். இரண்டு மிடறு குடித்திருப்பாள், மேடம் அறைக்குள்ளிருந்து வெளியே வந்தார்.

"ஐயையோ, அதைக் கீழ வை! துப்பு! போய் வாயைக் கழுவு!"

அந்தப் பிள்ளை பயந்துபோய்விட்டாள். "ஏன் மாமி? கழுவின கப்தானே?"

எல்லாரும் மேடத்தைப் பார்த்தார்கள். வந்திருந்த தாயும் தகப்பனும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். சொல்லட்டும், இன்றைக்காவது வாயைத் திறந்து சொல்லட்டும் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு குரூரமான சந்தோசம்கூட வந்தது. அவருடைய கண் ஒவ்வொருவர் முகமாகப் போனது. பிறகு என் கட்டின் மேல் வந்து நின்றது.

"அது அவவின்ர கப். அவவுக்குக் கையில ஒரு வருத்தம். தொத்திப்போடும்."

வந்திருந்த அம்மா கையிலிருந்த கப்பைப் பட்டென்று மேசையில் வைத்தார். "அப்ப எங்களுக்கு டீ கொண்டந்ததும் இவதானே!" என்றார். தகப்பன் கைலேஞ்சியை எடுத்து வாயைத் துடைத்தார். இது நோய் இல்லை, சுட்ட புண் என்று சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன். யார் காதிலும் ஏறவில்லை. மேடம் என்னை உள்ளே போகச் சொன்னார், போனேன். அந்தப் பெண்ணும் அதன்பிறகு என்னைக் கண்டால் கதிரையை ஒதுக்கிப்போட்டு இருந்தாள்.

கட்டு அவிழ்த்தாயிற்று. தோல் சுருங்கி இளஞ்சிவப்பாக ஒரு தழும்பு, அவ்வளவுதான். விரல் எல்லாம் மடங்கும், டைப் அடிக்க முடியும். அம்மா வாங்கித்தந்த சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நேரே சேரிடம் போனேன். "கை நல்லா ஆறிருச்சுங்க சேர்" என்று நீட்டிக் காட்டினேன்.

அவர் கையைப் பார்க்கவில்லை. "ஓம் ஓம், ஆறிட்டுது. ஆனா பாரன், ஆக்கள் கதைக்கினம். உனக்குத் தொத்து வருத்தம் எண்டு கதை போட்டுது. வெள்ளவத்தையில ஒரு கதை கிளம்பினா அடங்குமே? முன்னுக்கு இருத்தேலாது. நீ உள்ளுக்கு இரு. மெசின் கழுவ, பவுடர் போட ஆள் வேணும்தானே."

"எனக்கு வருத்தமே இல்லீங்களே சேர்! சுட்டது உங்க மெசின். கையில பிடின்னு சொன்னது மேடம்!"

"அது எனக்குத் தெரியுமம்மா. அவையளுக்குத் தெரியாதே."

"அப்ப சொல்லுங்க சேர் அவங்ககிட்ட."

"என்னெண்டு சொல்ல? நாங்கள் பொய் சொன்னனாங்கள் எண்டோ?" அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டுத்தான் கேட்டார். பிறகு குரலைத் தணித்தார். "ஆத்திரப்படாத. போய் ஒரு டீ குடி, எல்லாம் சரிவரும்."

சரி என்றேன். ராக்கையிலிருந்து பொட்டு இல்லாத வெள்ளைக் கப் ஒன்றை எடுத்தேன். மெசினில் வைத்தேன். டீ ஊற்றி, விளிம்புக்குக் கீழே தானாக நின்றது. அதைக் கொண்டுபோய் முன்மேசைக்குப் பக்கத்தில், மேடத்துக்கும் அந்தப் பெண்ணுக்கும் முன்னால் நின்று, ஊதி ஊதி அடிவரைக்கும் குடித்தேன். மேடம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். வெறுங்கப்பை அந்த மேசையிலேயே வைத்து, "நாளைக்கு நான் வரலைங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன்.

படியில் பாதி இறங்கியிருப்பேன். மேலே குப்பை வாளிக்குள் பீங்கான் உடைகிற சத்தம் கேட்டது.